பத்தொன்பதாவது சுற்று

வியாழக்கிழமை, காலை 7:10.

காவல்காரரின் மனைவி வாளியும் கையுமாக வட்ட அறையின் கதவைத் தள்ளினாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேஜை மேல் மூக்குக்கண்ணாடி மடித்து வைத்திருந்தது. நாற்காலிக்கு அடியில் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. கோப்பையில் பாதித் தேநீர், மேலே ஆடை கட்டிப்போய். கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது.

பெரியவரை மட்டும் காணோம்.

"என்னங்க, சார் எப்ப வெளியே போனாரு?" என்று திரும்பிக் கேட்டாள்.

கதவுக்கு வெளியே முக்காலியில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்த அவள் கணவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "போகலியே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் கொண்டுபோய்ச் சிறை வாசலில் நிறுத்தியது.

அது கல்லூரி வளாகத்தின் கடைசிக் கட்டடம். ஒரு காலத்தில் தண்ணீர் ஏற்றிய கோபுரம். மேலே இருந்த தொட்டியை இறக்கிவிட்டு, கீழே மிச்சமிருந்த வட்டத்தைக் கணக்குப் பேராசிரியருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரே கதவு. ஜன்னல் என்று இருந்தவை பூனைகூட நுழைய யோசிக்கும் கீற்றுகள். பேராசிரியர் பல இரவு அங்கேயே கட்டிலில் படுத்துக்கொள்வார். வளாகத்தில் அவரைப் பெரியவர் என்பார்கள். அவரிடம் படித்து, அவருக்கே உதவியாளராக இருந்தவரைச் சின்னவர் என்பார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒன்பதரைக்கு வந்தார். பத்தரைக்குள் முடிவும் கட்டிவிட்டார். மேஜைக்கு அடியில் தரை ஒரு இடத்தில் தேய்த்துக் கழுவிய மாதிரி இருந்தது. காவல்காரர் சட்டைப்பையில் பெரியவரின் கைக்கடிகாரம் இருந்தது. ரிப்பேருக்குக் கொடுத்தார் என்றார் காவல்காரர். சாட்சி கேட்டதற்கு, "சாரேதான் சாட்சி" என்றார். அதற்கு மேல் என்ன பேச?

வெள்ளிக்கிழமை, பகல் 1:15.

ஏட்டம்மா லாக்கப் கம்பிக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் முறுமுறுத்தது. ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. ஐந்தரைக்கு வண்டி வரும், காவல்காரரை ஏற்றிக்கொண்டு பெரிய சிறைக்குப் போகும். ஒருமுறை அந்த வண்டியில் ஏறியவர்களை இறக்குவது எவ்வளவு பாடு என்று முப்பது வருடமாகப் பார்த்தவர் அவர்.

"அண்ணே, நிஜமாவே தூங்கலியா?"

"இல்லம்மா."

"ஒரு அஞ்சு நிமிஷம் கண்ணு அசந்திருக்கும்."

"அசரல."

"அசந்துட்டேன்னு எழுதிக் குடுங்க. பெரியவர் எழுந்து எங்கயோ போயிட்டார்னு ஆகிடும். உங்க மேல இருக்கறது பாதி குறையும். இன்ஸ்பெக்டரே சொல்றாரு."

"என்கிட்டயும் சொன்னாரு." காவல்காரர் பெல்ட் இல்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். "இருபத்திரண்டு வருஷமா முழிச்சிருந்ததுக்குத்தான் சம்பளம் வாங்கினேன். இப்ப தூங்கினேன்னு எழுதினா, அதெல்லாம் என்னாகுறது?"

ஏட்டம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுஷனை எப்படிக் காப்பாற்றுவது?

"புதன் சாயந்திரம் யார் யார் உள்ளே போனாங்க?"

"நாலு மணிக்குப் பெரியவர். நாலரைக்குச் சின்னவர். ஆறே முக்காலுக்குச் சின்னவர் வெளியே வந்து, 'சார் எழுதிக்கிட்டிருக்கார், இங்கேயே படுத்துப்பார், தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. அவ்வளவுதான்."

"அவர் கையில என்ன இருந்துச்சு?"

"தோள்பை. தினமும் கொண்டு வர்ற சின்னப் பைதான்."

"சத்தம் ஏதாவது?"

காவல்காரர் யோசித்தார். "தட்டுற சத்தம். அது தினமும் கேக்குறதுதான். தரையில கல்லு கல்லா எண்ணு போட்டிருக்கில்ல, அதைத் தடியால தட்டிக்கிட்டே சார் சுத்தி வருவாரு. ஆனா அன்னிக்கு..."

"ம், சொல்லுங்க."

"சத்தம் சுத்தி வரல ஏட்டம்மா. என் முதுகுக்குப் பின்னாலயே நின்னு தட்டிக்கிட்டிருந்துச்சு."

பகல் 2:10.

வட்ட அறைக்குள் நுழைந்ததும் ஏட்டம்மா இருமினார். அந்த இருமல் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கமிருந்து அவர் காதிலேயே வந்து விழுந்தது. யாரோ பின்னால் நின்று இருமியது போல. திரும்பிப் பார்க்காமல் இருக்க அவருக்குக் கொஞ்சம் பிரயத்தனம் தேவைப்பட்டது.

"எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் காவல்காரர் மனைவி. "பேச்சை முழுங்கிட்டுத் திருப்பித் துப்புற ரூமு இது."

தரையோரமாகப் பதினெட்டு கற்கள் வளையமாகப் பதிந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் நிற்கும் அகலம். ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம் வெட்டியிருந்தது. கதவுக்கு நேர் எதிரே பூஜ்யம். அங்கிருந்து சுற்றினால் 052631578947368421. கடைசி ஒன்று மறுபடியும் பூஜ்யத்தை ஒட்டிக்கொள்ளும்.

"இதுக்குத் தலையும் இல்ல வாலும் இல்லன்னு சார் சொல்லுவாரு. எந்தக் கல்லுல ஆரம்பிச்சுச் சுத்தினாலும் இதே எண்ணோட ஏதோ ஒரு மடங்குதான் வருமாம். பூஜ்யத்துக்குப் பதிலா அந்தக் கடைசி ஒண்ணுல ஆரம்பிச்சா ரெண்டு மடங்கு. அப்படியே பதினெட்டு மடங்கு வரைக்கும் இதே இலக்கங்கதான் இடம் மாறி நடக்குமாம்."

"அதுக்கு மேல?"

அவள் குரல் தாழ்ந்தது. தாழ்ந்த குரலும் சுவரைச் சுற்றியே வந்தது. "பத்தொன்பதாவது மடங்குல எல்லா இலக்கமும் ஒன்பதாயிடுமாம். பதினெட்டும் ஒன்பது. 'அதோட அது செத்துப்போச்சு'ன்னு சிரிப்பாரு. தினமும் பதினெட்டுச் சுத்து சுத்துவாரு. பத்தொன்பதாவது சுத்து போகவே மாட்டாரு. போனா என்ன சார்னு கேட்டேன். 'போய்ப் பார்த்தவங்க யாரும் திரும்பி வந்து சொல்லலம்மா'ன்னாரு." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "வளாகத்துல எல்லாரும் சொல்றாங்க, அன்னிக்கு அவர் எண்ணிக்கை தவறிட்டாருன்னு."

"நீ என்ன சொல்ற?"

"எனக்கு எண்ணிக்கை எல்லாம் வராதுக்கா. துடைக்கத்தான் வரும். எதிரும் புதிருமா இருக்கற கல்லைக் கூட்டினா ஒன்பது வரும்னு சார் சொல்லிக் குடுத்தாரு. அதுவே எனக்குப் பாதி நாள் பதினொண்ணு வரும்."

"துடைச்சியா, நேத்து?"

"பாதி துடைச்சேன், இந்தக் கதவுப் பக்கமா. அதுக்குள்ள இன்ஸ்பெக்டர் ஐயா நிறுத்தச் சொல்லிட்டாரு." அவள் தயங்கினாள். "வாளித் தண்ணியில மணல் வந்துச்சுக்கா. என்னிக்கும் வராது. மழைகூட இல்ல. ஐயாகிட்ட சொன்னேன். 'மணலா காணாமப் போயிருக்கு'ன்னு கேட்டாரு."

ஏட்டம்மா கதவோரம் குனிந்து கல்லிடுக்கை நகத்தால் கீறிப் பார்த்தார். மணல்.

"அக்கா, அவரை விட்டுடுவாங்களா?"

ஏட்டம்மா நகத்திலிருந்த மணலைக் கைக்குட்டையில் உதிர்த்து முடிந்துகொண்டார்.

பகல் 2:50.

சின்னவரின் அறை சுத்தமாக இருந்தது. பென்சில்கள்கூட உயர வாரியாக நின்றன. வலது கை ஆட்காட்டி விரலில் கட்டுப் போட்டிருந்தார்.

"விரலுக்கு என்ன ஆச்சு?"

"அலமாரிக் கதவு நசுக்கிடுச்சு."

கட்டுக்கு மேலே நகத்தின் நுனி கறுத்திருந்தது. ஏட்டம்மாவின் அப்பா கல் தூக்கிப் பிழைத்தவர். அந்தக் கறுப்பு எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும்.

"பெரியவர்கூட ஏதாவது தகராறா?"

"எனக்கா? அவர் எனக்கு அப்பா மாதிரி."

"அப்பாவோடத்தான் சார் அதிகம் தகராறு வரும்."

சின்னவர் சிரிக்கவில்லை. மேஜை மேல் தடித்த ஆய்வேடு ஒன்று இருந்தது. இதே மாதிரிச் சுழலும் எண்கள், ஆனால் நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்டவை. முதல் பக்கத்தில் அவருடைய கையெழுத்து. கீழே, பெரியவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"இது இல்லாம பதவி கிடைக்காதா?"

"ஒரு வாரத்துல போட்டுத் தர்றேன்னு சொல்லியிருந்தார்."

"தரையில இருக்கற அந்த எண்ணு உங்களுக்கு மனப்பாடமா?"

"மனப்பாடம் எதுக்கு? ஒண்ணைப் பத்தொன்பதால வகுத்தா தானா வரும். தப்பவே தப்பாது." முதல்முறையாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "மனுஷங்க மாதிரி இல்லம்மா எண்கள். இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு பேசாது."

பகல் 3:35.

தரை போட்ட மேஸ்திரி பக்கத்து ஊர் வேலையை விட்டுவிட்டு, சிமெண்ட் காயாத கைகளோடு வந்தார். மூன்று நாளாக அங்கே இருபது பேரோடு கூரை போட்டுக்கொண்டிருந்தவர். வட்ட அறையைப் பார்த்ததும் ஏனோ பதறினார்.

"நான் வேணும்னு செய்யலீங்க ஏட்டம்மா. சாரே விட்டுட்டாரு."

"எதை விட்டுட்டாரு?"

"அந்த ரெண்டு கல்லு. தரைக்கு அடியில பழைய தண்ணித்தொட்டி இருக்கு, காலியா. ஆளு இறங்குற வாய் இந்தக் கதவோரம். உள்ளே ஈரம் காயட்டும்னு அதைக் கடைசி வரைக்கும் மூடாம வெச்சிருந்தேன். கடைசியா மிச்சம் ரெண்டே கல்லு. இனி என்ன தப்பு வரப்போகுதுன்னு படம் பார்க்காம வெச்சுட்டேன். ஏழு, எட்டுன்னு வரணும். எட்டு, ஏழுன்னு வெச்சுட்டேன். சார் சுத்திக் கூட்டிப் பார்த்தாரு. எல்லா ஜோடியும் ஒன்பது, இங்க மட்டும் ஒரு ஜோடி பத்து, ஒரு ஜோடி எட்டு. எனக்கு வேர்த்துப்போச்சு. பேர்த்து மாத்திடறேன் சார்னேன். 'வேணாம் மேஸ்திரி, சாகாத எண்ணு ஒண்ணு இங்க சுத்திக்கிட்டிருக்கு, அதுக்கும் ஒரு காலு நொண்டட்டும்'னு சிரிச்சாரு. கதவோரம் தானே, யாரு பார்க்கப்போறாங்க?"

"அந்த ரெண்டையும் சிமெண்டு வெச்சுப் பூசினீங்களா?"

"இல்லீங்க. பின்னால தொட்டிக்குள்ள இறங்க வேண்டி வந்தா? மணல் மேலதான் உட்கார வெச்சேன். அந்த ரெண்டு கல்லும் பேர்த்தா வந்துடும்னு சாரு, சின்னவரு, காவல்காரரு, நானு, நாலு பேருக்குத்தான் தெரியும்."

ஏட்டம்மா அவரை வெளியே நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உள்ளே போனார்.

கீற்று வெளிச்சம் சுவரில் கத்தி மாதிரி நின்றது. பூஜ்யத்தில் ஆரம்பித்தார். எதிரே ஒன்பது. ஒன்பது. ஐந்துக்கு எதிரே நாலு. ஒன்பது. இரண்டு, ஏழு. ஆறு, மூன்று. அவர் முணுமுணுத்த ஒவ்வொரு ஒன்பதையும் சுவர் வாங்கிச் சுற்றி எடுத்துவந்து காதருகில் திரும்பச் சொன்னது. அறையில் இன்னொருவர் உட்கார்ந்து கூடவே எண்ணுவது போலிருந்தது. ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

கதவோரம் வந்தார். அங்கே ஏழு. எதிரே இரண்டு.

ஒன்பது.

அடுத்தது எட்டு. எதிரே ஒன்று.

ஒன்பது.

கல்லெல்லாம் தன் தன் இடத்தில் இருந்தது. ஒரு பிசகு இல்லை. மெதுவாக, மிகமெதுவாக, அவர் அந்த இரண்டு கற்களின் மேலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

மாலை 4:30.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "ஏட்டம்மா, ஒரு மணி நேரத்துல வண்டி வந்துடும். கணக்கு வகுப்பு நடத்தவா கூப்பிட்டீங்க?"

"ஒரே ஒரு கணக்குதான் ஐயா."

சின்னவர், மேஸ்திரி, காவல்காரர் மனைவி மூவரும் சுவரோரம் நின்றார்கள். ஏட்டம்மா கதவருகில் போய் விரலை நீட்டினார்.

"சின்னவரே, இந்த ரெண்டு கல்லும் இடம் மாறிக் கிடக்குன்னு நினைக்கறேன். சரியா?"

"இல்லையே." பதில் உடனே வந்தது. "ஏழு, அப்புறம் எட்டு. சரியாத்தான் இருக்கு. எதிர்ல ரெண்டு, ஒண்ணு. கூட்டிப் பாருங்க."

"எப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

"எப்பவும்தான். வேற எப்படி இருக்க முடியும்? எண்ணு மாறுமா?"

"எண்ணு மாறாது சார். கல்லு மாறும். மேஸ்திரி, அந்தப் போட்டோவைக் காட்டுங்க."

மேஸ்திரி போனை நீட்டினார். அடுத்த வேலை பிடிக்க அவர் எடுத்து வைத்திருந்த படம் அது. தரை போட்டு முடித்த நாள், பளபளவென்று வளையம், ஓரத்தில் பெரியவரின் செருப்புக் கால்கள். இன்ஸ்பெக்டர் விரலால் பெரிதாக்கினார். கதவோரம், எட்டு. பிறகு ஏழு.

சின்னவர் படத்தையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அந்தத் தரையை அவர் குனிந்து பார்த்தது அப்போதுதான் முதல் தடவை போலிருந்தது.

"ஐயா," என்றார் ஏட்டம்மா, "ரெண்டு நாளா நாம எல்லாரும் இங்க என்ன தப்பா இருக்குன்னே தேடினோம். தப்பா எதுவும் இல்ல. அதுதான் தப்பு. இந்த ரெண்டு கல்லையும் யாரோ பேர்த்திருக்காங்க. மணல் கிளம்பி வாளிக்கு வந்திருக்கு. தட்டுற சத்தம் கதவுப் பக்கமே கேட்டிருக்கு. கதவுக்குக் குறுக்கே போடுற இந்த இரும்புப் பட்டை ஒண்ணே நெம்புறதுக்குப் போதும். மூடும்போது அந்த ஆள் கல்லை எப்படி வெச்சான்? காவல்காரரா இருந்தா இருந்த மாதிரியே வெச்சிருப்பாரு. இருபத்திரண்டு வருஷமா எது எங்க இருந்துச்சோ அதை அங்கேயே பார்த்துப் பழகின கண்ணு அது. மேஸ்திரிக்கு அது தன்னோட தப்பு, மறக்கவே மறக்காது. அதோட அவர் அன்னிக்கு இந்த ஊர்லயே இல்ல. தரையைப் பார்க்காம, புத்தகத்துல இருக்கற எண்ணை மட்டும் பார்த்தவர் ஒருத்தர்தான் இதைச் சரியா வெச்சிருப்பாரு."

சின்னவர் கட்டுப்போட்ட விரலை மறுகைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"என்ன கேட்டீங்க அவர்கிட்ட? கையெழுத்தா?"

சின்னவர் தரையைப் பார்த்தபடியே பேசினார். அவர் குரல் சுவரைச் சுற்றி இரண்டு தடவை வந்தது.

"நாற்பதாம் பக்கத்துல ஓட்டைன்னார். மூணு வருஷ உழைப்பை ஒரு பென்சில் கோடு போட்டு அடிச்சார். நான் பிடிச்சுத் தள்ளினேன். அவ்வளவுதான். மேஜை முனை பட்டுடுச்சு."

"வெளியே ஆளு உட்கார்ந்திருந்தாரே. ஒரு குரல் குடுத்திருக்கலாமே."

"மூச்சு இல்லம்மா. பார்த்தேன். இல்லை." அவர் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். "கல்லைத் திரும்பப் போடும்போது வரிசை தப்பிடக் கூடாதேன்னு மனசுக்குள்ள வகுத்து வகுத்துப் பார்த்து வெச்சேன்."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். மேஸ்திரி கல்லிடுக்கில் பட்டையைக் கொடுத்து நெம்பினார். முதல் கல் எழும்பியது. அடியிலிருந்து பழைய தண்ணீர் வாடையோடு குளிர்காற்று ஒன்று மேலே வந்து எல்லார் கால்களையும் தடவிக்கொண்டு போனது. இரண்டாவது கல்லையும் எடுத்தார்கள். மேஸ்திரி போன் விளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

காவல்காரர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

மாலை 5:30.

வண்டி வந்து நின்றிருந்தது. காவல்காரரின் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுத அதிக நேரம் ஆகவில்லை. பெல்ட்டைத் தேடத்தான் நேரமாயிற்று. கடைசிவரை அது கிடைக்கவில்லை.

"போங்க அண்ணே. வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றார் ஏட்டம்மா.

காவல்காரர் நகரவில்லை. "எங்க இருந்தாராம்?"

மனைவி அவர் கையைப் பிடித்தாள். "வாங்க, போலாம்."

"நீ சும்மா இரு. ஏட்டம்மா, எங்க இருந்தாரு?"

சொல்லாமல் இருக்க முடியுமா? நாளைக்கு வளாகமே சொல்லும். ஏட்டம்மா சொன்னார்.

காவல்காரர் கேட்டுக்கொண்டார். பிறகு காற்றில் கையால் ஒரு கோடு போட்டார். இந்தப் பக்கம் முக்காலி, நடுவில் சுவர், அந்தப் பக்கம் ஏழும் எட்டும். அளந்து பார்ப்பது போல மறுபடியும் கோடு போட்டார்.

"என் முதுகுக்குப் பின்னாலயா?"

"ஆமாண்ணே."

"ராத்திரி பூராவும்?"

"அவருக்கு அப்பவே மூச்சு இல்ல. நீங்க உள்ளே போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"முழிச்சிருந்தேனே ஏட்டம்மா" என்றார் அவர். "தூங்கவே இல்லியே நான்."

ஏட்டம்மா முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறார். இவர் அழவில்லை. கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த நிறுத்தத்துக்குப் போனார். மனைவி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் நின்றார்.

பஸ் வந்தது. கூட்டமே இல்லை. நாலைந்து தலைகள்தான் தெரிந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்த மனைவி பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டியது ஏட்டம்மாவுக்குத் தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். பஸ் திரும்பி மறையும்வரை, அத்தனை காலி இருக்கைகளுக்கு நடுவில், மேல்கம்பியைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டேதான் போனார்.